பட்டன், பட்டன், பட்டன்

அந்த நாடக அரங்கத்துக்குப் போன் போட்டு டிக்கெட் எடுக்கிற எல்லோருக்கும் அவள் புக்கிங் அக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனால் போனில் ஒருமுறை ஹலோ சொன்ன ஆள் மறுமுறை தன் பெயரைச் சொல்ல வேண்டியிருக்காது. குரலை வைத்தே ஆளை மட்டுமல்ல, அன்றைக்கு வீட்டில் சண்டையா சமாதானமா என்பதையும் சொல்லிவிடுவாள்.

அவளுடைய அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. கூரை சாய்வாக இறங்கும். கண் தெரிந்தவர்கள் உள்ளே வந்து எழுந்திருக்கும்போது கட்டாயம் தலையை இடித்துக்கொள்வார்கள். முன்கூட்டியே எச்சரிக்கலாம்தான். சிலரை எச்சரிப்பாள், சிலரை மாட்டாள். மேஜையில் ஒரு போன், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஹெட்போன். கம்ப்யூட்டரில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் இருந்தது. அதற்கு வாயாடி என்று பெயர் வைத்திருந்தாள். வாயாடி பேசும் வேகத்தில் வேறு யாருக்கும் ஒரு சொல்கூடப் பிடிபடாது. பக்கத்து அறையில் இருந்த கணக்கர், முதல் வாரத்தில், யாரோ உள்ளே சண்டை போடுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்.

பிரவுசரில் டிக்கெட் பக்கத்தைத் திறந்தால் அரங்கத்து நாற்காலிகள் எல்லாம் கட்டம் கட்டமாக வரும். கீபோர்டில் டேப் விசையைத் தட்டத் தட்ட, எந்த வரிசை, எந்த நாற்காலி, காலியா போய்விட்டதா என்று வாயாடி வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும். வேண்டிய இடத்தில் நிறுத்தி ஒரு தட்டு தட்டினால் டிக்கெட் படமாக வாடிக்கையாளரின் போனுக்குப் போய்விடும். வருஷக்கணக்காக இப்படித்தான் நடந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் பிரவுசர் தானாகவே அப்டேட் ஆகிக்கொண்டது. யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் அழைப்பு வந்தது. அவள் டேப்பைத் தட்டினாள்.

"பட்டன்," என்றது வாயாடி.

இன்னொரு தட்டு. "பட்டன்." இன்னொன்று. "பட்டன்."

அரங்கம் முழுக்க அப்படியே இருந்தது. வரிசையும் இல்லை, எண்ணும் இல்லை, காலியா இல்லையா என்றும் இல்லை. அணைத்துப் போட்டுப் பார்த்தாள். வாயாடியையே ஒருமுறை மூடித் திறந்தாள். பயனில்லை. அழைத்தவரிடம் பிறகு பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

கொழுந்தன் என்றால் கணவனின் தம்பி. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை. அரங்கத்தின் வெப்சைட்டைச் செய்ததும் பார்த்துக்கொள்வதும் அவன்தான். அந்த வேலைக்கு அவனைச் சிபாரிசு செய்தது அண்ணி என்பதை அவன் மறந்து ரொம்ப நாளாகியிருந்தது. வந்தான், குனிந்தான், மௌஸை நகர்த்தினான். நாற்காலிகள் பச்சையும் சிவப்புமாகப் பளிச்சென்று இருந்தன.

"எனக்கு எல்லாம் நல்லாத்தானே தெரியுது அண்ணி."

"உனக்குத் தெரியும் தம்பி. எனக்குக் கேக்கலையே."

இது பிரவுசர்காரர்கள் செய்த கோளாறு, தான் ஒன்றும் செய்வதற்கில்லை என்றான். அவர்களுக்கு எழுதிப் போட்டால் ஸ்கிரீன் ரீடர்காரர்களைக் கேட்கச் சொல்வார்களாம். ஸ்கிரீன் ரீடர்காரர்களைக் கேட்டால் பிரவுசர்காரர்களைக் காட்டுவார்களாம். பழைய பிரவுசரையே திரும்பப் போட்டுக் கொடேன் என்று கேட்டாள். பாதுகாப்புக்கு ஆகாது என்று டாக்டர் மாதிரி சொன்னான். பிறகு எழுந்தான். அவள் எச்சரிக்கவில்லை. கூரையில் நல்ல சத்தம் கேட்டது.

அவள் மேனேஜரிடம் போனாள். மேனேஜர் நல்ல மனிதர், ஆனால் எதையும் பாதி கேட்டதும் பதில் சொல்லிவிடுகிற ரகம். சனிக்கிழமை பெரிய நாடகம், ஊரே எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது, இந்த நேரத்தில் புக்கிங்கை நிறுத்த முடியாது என்றார்.

"ஏதோ தோராயமா போட்டு விடுங்கம்மா. நாற்காலிதானே. உக்காந்துட்டா எல்லாம் ஒண்ணுதான்."

அறைக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது. அழுகையும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. நேற்றுவரை கைவிரல் நுனியில் இருந்த வேலை, யாரோ எங்கேயோ செய்த ஒரு மாற்றத்தால் கையை விட்டுப் போய்விட்டது. அதைவிட, தனக்குத் தெரிகிறது என்பதாலேயே எல்லாம் சரியாக இருக்கிறது என்று கொழுந்தன் சொன்னது உறுத்தியது. பேசாமல் டேப்பைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பட்டன், பட்டன், பட்டன்.

தட்டிக்கொண்டே இருந்ததில் ஒன்று பிடிபட்டது. பட்டன்கள் மேடைக்கு இடப்பக்கத்திலிருந்து, முதல் வரிசையிலிருந்து, முறை மாறாமல்தான் வந்தன. அந்த அரங்கத்தின் ஒவ்வொரு வரிசையையும் அவள் நடந்து, நாற்காலியின் முதுகைத் தொட்டு எண்ணியிருக்கிறாள். தட்டுகளை எண்ணினால் எந்த நாற்காலி என்று தெரிந்துவிடும். ஏற்கனவே போன நாற்காலியில் தட்டினால் வாயாடி ஒரு டொக் சத்தம் போட்டது, அதுவும் போதும். கணக்கரைக் கூப்பிட்டு முன்வரிசைகளில் இரண்டு மூன்றைச் சரிபார்த்துக்கொண்டாள். எல்லாம் சரி.

உடனே போய் மேனேஜரிடம் சொல்லியிருக்கலாம். கதவுவரை போகவும் போனாள். அங்கே நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. வாயாடி பட்டன் என்று மட்டுமே சொல்கிறது, இது எல்லோருக்கும் தெரியும். தோராயமாகப் போடச் சொன்னவர் மேனேஜர். ஆக, இந்த ஒரு வாரத்துக்கு இந்த ஊரில் யார் யார் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதை அவள் முடிவு செய்யலாம், ஒருவரும் அவளைக் குறை சொல்ல முடியாது. திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதலில் போன் செய்தவர் ஒரு வக்கீல். அவருக்கு நெடுநாள் இருமல். பழைய லாரியைக் கிளப்புவது போல இரண்டு மூன்று முறை இழுத்து, பிறகு ஒரேயடியாக எடுப்பார். இத்தனை காலமும் அவரைக் கடைசி வரிசையில் கதவோரமாக வைத்திருந்தாள். இந்த முறை முதல் வரிசையில், மேனேஜர் எப்போதும் தனக்கென்று வைத்துக்கொள்ளும் நடு நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டாள். வக்கீல் நெகிழ்ந்துபோய் நன்றி சொன்னார்.

அடுத்து ஒரு டியூஷன் வாத்தியார். மேடையில் நடப்பதை எல்லாம் மனைவிக்குப் பாடம் நடத்துவது போல விளக்குவார். அவருக்குப் பத்திரிகையில் நாடக விமர்சனம் எழுதும் மனிதருக்கு நேர் பின்னால் இடம் கிடைத்தது. விமர்சகர் ஒருமுறை இந்த அரங்கத்தின் டிக்கெட் சேவை சுமார் என்று எழுதியவர்.

பிறகு அக்கா தங்கை இரண்டு பேர். அக்கா தையல் கடை, தங்கை பூக்கடை. தங்கை மகளின் நீண்ட முடியை அக்கா ஒரு மதியம் கேட்காமல் வெட்டிவிட்டதிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. முடி திரும்ப வளர்ந்து, அந்தப் பெண் கல்லூரிக்கும் போய்விட்டாள். சண்டை மட்டும் அப்படியே இருந்தது. இருவருமே தனித்தனியாகப் போன் செய்து ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாளோ அங்கிருந்து தூரமாகப் போடு. புக்கிங் அக்கா இருவரையும் நான்காம் வரிசையில் அடுத்தடுத்துப் போட்டாள். போட்ட பிறகு அழித்துவிடலாமா என்று ஒருமுறை யோசித்தாள். ஆனாலும் அழிக்கவில்லை.

புதன்கிழமை கொழுந்தனே வந்தான். ஊழியர்களும் அவளிடம் கேட்டுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும் என்பது மேனேஜர் வைத்த சட்டம். ரொம்பச் சாதாரணமாகப் பேசுவது போன்ற குரலில், கடைசி வரிசை மூலையில் இரண்டு நாற்காலி சேர்ந்தாற்போல் வேண்டும், ஒரு ஃப்ரெண்டு வருகிறார் என்றான். குரல் அவ்வளவு சாதாரணமாக இருந்ததிலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கொஞ்ச நாளாகவே வீட்டில் குளியலறையில் பாட்டுச் சத்தம் அதிகமாகியிருந்தது.

ஃப்ரெண்டுக்கு ஆறாம் வரிசையில் தனக்குப் பக்கத்து நாற்காலியைக் கொடுத்தாள். கொழுந்தனுக்கு இரண்டாம் வரிசையில், அவனுடைய அண்ணனுக்குப் பக்கத்தில். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நாடகத்தில் விளக்கு அணைந்ததும் பக்கத்தில் யார் தோள் இருக்கிறதோ அதில் சாய்ந்து தூங்கிவிடுவான். இத்தனை வருஷமும் அது அவளுடைய தோளாக இருந்தது.

டிக்கெட் படங்கள் போனில் வந்ததும் கொழுந்தன் படபடவென்று வந்தான்.

"என்ன அண்ணி இது, ஒருத்தர் இங்க, ஒருத்தர் எங்கயோ?"

"நான் என்ன பண்ணுவேன் தம்பி. வெறும் பட்டன்னுதான் கேக்குது. உனக்குத்தான் எல்லாம் நல்லாத் தெரியுதே, நீயே பாத்து மாத்திக்கோ."

மாற்ற இடமில்லை. அதற்குள் அரங்கம் நிறைந்துவிட்டது. அன்று இரவு அவன் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டான். அவள் கணவனிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள். இவ்வளவு வம்பு வேண்டாம் என்று கண்டிக்க ஆரம்பித்தவன், வக்கீலின் இருமல் வந்த இடத்தில் சிரித்துவிட்டான். அப்புறம் கண்டிக்க முடியவில்லை.

சனிக்கிழமை மாலை அவள் சீக்கிரமே போய் ஆறாம் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். சற்று நேரத்தில் பக்கத்து நாற்காலி மடங்கி விரிந்தது. ஈரத் துண்டும் நீச்சல்குளத்து மருந்தும் கலந்த வாசம். தனியாக வந்தீர்களா என்று புக்கிங் அக்கா கேட்டாள்.

"ஒருத்தர்கூடத்தான் வந்தேன்," என்றது பக்கத்துக் குரல். "அவரேதான் இந்த வெப்சைட்டச் செஞ்சாராம். ரெண்டு சீட்டு சேத்து வாங்கத் தெரியல."

குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்கிறவள் என்று தெரிந்தது. நாள் முழுக்கத் தண்ணீருக்கு மேல் கத்திப் பழகிய குரல், மெதுவாகப் பேசினாலும் மூன்று வரிசைக்குக் கேட்கும். புக்கிங் அக்காவுக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. தான் யார் என்று மட்டும் சொல்லவில்லை.

நாடகம் தொடங்குவதற்கு முன் மேனேஜர் வழக்கம்போல வரவேற்புரை ஆற்ற எழுந்தார். இரண்டாவது வாக்கியத்தில் லாரி கிளம்பியது. மேனேஜர் நிறுத்தினார், லாரியும் நின்றது. மீண்டும் ஆரம்பித்தார், மீண்டும் கிளம்பியது. அந்த அரங்கத்தின் வரலாற்றிலேயே மிகச் சிறிய வரவேற்புரையாக அது முடிந்தபோது கைதட்டல் பலமாக இருந்தது.

நாடகம் கடலுக்கே போகாத ஒரு கப்பல் கேப்டனைப் பற்றியது. ஊரெல்லாம் கடல் கதைகள் சொல்லியே பேர் வாங்கியவன். முதல் பாதியில் பேச்சு நிறைய இருந்தது. அவளுக்குப் பார்வை இல்லை என்று கண்டுகொண்ட நீச்சல் ஆசிரியை, பேச்சு இல்லாத இடங்களில் தயங்கித் தயங்கி, இப்போது தொப்பியைக் கழற்றுகிறான், இப்போது ஜன்னலைப் பார்க்கிறான் என்று சொன்னாள். முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் உஷ் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கைக்குட்டையை எங்கே வைத்தான் என்று அவரே திரும்பிக் கேட்டார்.

இடைவேளையில் விளக்கு வந்தது. விமர்சகர் பின்னால் திரும்பி டியூஷன் வாத்தியாரிடம் ஏதோ கேட்டுக் குறித்துக்கொண்டிருப்பதாக நீச்சல் ஆசிரியை சொன்னாள். நான்காம் வரிசையில் இரண்டு பெண்கள் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள், இருவரும் எழுந்திருக்கவேயில்லை என்றாள். முதலில் எழுந்தால் தோற்ற மாதிரி ஆகிவிடும் அல்லவா. பிறகு, அதில் மூத்தவள் மற்றவளின் பின்கழுத்தில் துருத்திக்கொண்டிருந்த ஜாக்கெட் லேபிளை ஒரு விரலால் உள்ளே தள்ளிவிட்டாள் என்றாள். இளையவள் திரும்பவில்லை, ஆனால் தட்டிவிடவும் இல்லை. புக்கிங் அக்கா இதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கொழுந்தன் இரண்டு காபியோடு வந்து நின்றான். அண்ணன் சாய்ந்திருந்த தோள் மரத்துப்போய், ஒரு கை தாழ்ந்திருந்தது.

"அண்ணி," என்றான்.

"இவங்கதான் உங்க அண்ணியா?" என்றாள் நீச்சல் ஆசிரியை. ஒன்பதாம் வரிசைவரை எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவன் கையிலிருந்த காபியை அண்ணி வாங்கிக்கொண்டாள். வாரம் முழுக்க வாயாடி என்ன சொன்னது, அதற்கு அவன் என்ன சொன்னான் என்பதை, குறை சொல்லும் தொனியே இல்லாமல், அந்தப் பெண்ணிடம் வரிசையாகச் சொன்னாள். அவள் முழுதும் கேட்டுக்கொண்டாள். குளத்தின் ஆழமான பக்கத்தில் இறங்கப் பயப்படும் பையனிடம் பேசுவது போல, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீங்க ஒரு தடவையாவது அந்த ஹெட்போன மாட்டிக் கேட்டீங்களா?"

இரண்டாம் பாதிக்கு மணி அடித்தது.

இதுவரை எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. இரண்டாம் பாதியின் கடைசியில், கேப்டன் வீட்டை விட்டுக் கிளம்பும் காட்சியில், பின்னால் எங்கோ சலசலப்பு கேட்டது. நாற்காலிகள் வரிசையாக மடங்கின. மன்னிக்கணும், மன்னிக்கணும் என்று ஒரு குரல். அந்தக் குரலைக் கேட்டதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முழங்கால் சார்.

அவள் அப்படிப் பெயர் வைத்திருந்த, ஓய்வுபெற்ற ரயில் டிரைவர். காலை நீட்டாமல் வெகுநேரம் உட்கார முடியாது. எப்போதும் நடைபாதை ஓரம்தான் கேட்பார், எப்போதும் அதைத்தான் கொடுப்பாள். அவரிடம் அவள் எந்த விளையாட்டும் விளையாடவில்லை. எட்டாம் வரிசை, நடைபாதை ஓரம் என்று எண்ணித்தான் போட்டிருந்தாள். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை சக்கர நாற்காலிகளுக்காக ஏழாம் வரிசையில் சில நாற்காலிகளைக் கழற்றி, டிக்கெட் பக்கத்திலிருந்தும் எடுத்திருந்தார்கள். அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவள் சரிபார்த்ததும் முன்வரிசைகளை மட்டும்தான். அதற்குப் பின்னால் இருந்த எல்லா எண்ணிக்கையும் தவறிவிட்டது. நடைபாதையைத் தாண்டி, வரிசையின் நடுவில், இரண்டு பருமனான ஆட்களுக்கு இடையில் அவர் மாட்டிக்கொண்டார். அவளிடம் வாங்கிய டிக்கெட் என்பதால் அரங்கத்துக்கு வரும்வரை எண்ணைப் பார்க்கவும் இல்லை. கால் பிடித்துக்கொண்டு, பாதி வரிசையை எழுப்பி வெளியேறிவிட்டார். நாடகத்தின் முடிவை அவர் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் கணவன் நன்றாகத் தூங்கி எழுந்த தெளிவோடு இருந்தான். எண்ணித் தட்டினால் போதும் என்று நானும்தான் நம்பினேன் என்று மட்டும் அவனிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நீச்சல் ஆசிரியை வீட்டுக்கு வந்தாள். யாரும் அழைக்கவில்லை. வந்ததும் கொழுந்தனை அரங்கத்துக்கு அழைத்துப் போய், மாடிப்படி அறையில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டாள். வாயாடியின் வேகம் குறைக்கப்பட்டது. அவன் வெகுநேரம் பட்டன், பட்டன் என்று கேட்டுக்கொண்டிருந்தான். மதியம் வீட்டுக்கு வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்ததாகக் கணவன் சொன்னான்.

கோளாறு அவனுடையதுதான். நாற்காலிகளை அழகான படங்களாகச் செய்தவன், எந்தப் படத்துக்கும் முறையாக ஒரு பெயர் எழுதிவைக்கவில்லை. பழைய பிரவுசர், படத்துக்கு அருகில் இருந்த எழுத்தைக் கொண்டு தானாக ஊகித்து வாயாடியிடம் கொடுத்துக்கொண்டிருந்தது. புது பிரவுசர் ஊகிப்பதை நிறுத்திவிட்டது. பெயர் வைக்காத ஒன்றை அது என்னவென்று சொல்லும்?

"இத்தனை வருஷமா அந்தப் பழசுதான் அண்ணி என் மானத்தைக் காப்பாத்தியிருக்கு," என்றான்.

அவளும் தன் பங்கைச் சொல்லிவிட்டாள். வக்கீல், வாத்தியார், அக்கா தங்கை, அவனுடைய தோள், எல்லாவற்றையும். அவன், வக்கீலை மேனேஜருக்குப் பக்கத்தில் போட்டது வேண்டுமென்றேதானா என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு சிரித்தான். மீண்டும் அரங்கத்துக்குப் போய், அன்று மாலைக்குள் ஒவ்வொரு நாற்காலிக்கும் பெயர் எழுதி, சக்கர நாற்காலி இடங்களையும் சேர்த்து, டிக்கெட்டையும் வாசிக்கக் கூடியதாக மாற்றினான். நீச்சல் ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரிசையையும் ஹெட்போனில் கேட்டுச் சரிபார்த்தாள். இருவரும் எழுந்தபோது தலையை இடித்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை வாயாடி பழைய வேகத்தில் வரிசை, எண், காலி என்று பொரிந்து தள்ளியது. தையல் கடை அக்கா போன் செய்து, அடுத்த நாடகத்துக்கு ஒரு டிக்கெட் கேட்டாள். எங்கே என்று கேட்டதற்கு, எங்கே வேண்டுமானாலும் என்றாள். பூக்கடைத் தங்கை ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு அதையே சொன்னாள். மேனேஜர் நேரில் வந்து, வக்கீல் இனி எந்தப் பக்கம் வருவார் என்று விசாரித்தார். கோளாறு சரியாகிவிட்டதால் இனிமேல் பயமில்லை என்று அவள் ஆறுதல் சொன்னாள்.

அதெல்லாம் முடிந்தபின் கதவைச் சாத்திவிட்டு முழங்கால் சாருக்குப் போன் செய்தாள். தவறு மெஷினுடையது அல்ல, தன்னுடையது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டாள். வலி பரவாயில்லை, ஒரு ராத்திரியில் போய்விட்டது என்றார் அவர்.

"அது கெடக்கட்டும் அக்கா. அந்த கேப்டன் கடைசில என்னதான் ஆனான்?"

அந்தக் கடைசிக் காட்சியில் ஒரு வசனமும் இல்லை. கேப்டன் துறைமுகம்வரை போகிறான், கப்பலைப் பார்க்கிறான், வீட்டுக்குத் திரும்பிவிடுகிறான். நீச்சல் ஆசிரியை சொன்னது அவ்வளவுதான். பாதி வரிசையை எழுப்பிக்கொண்டு வலியோடு வெளியே போன மனிதருக்கு இதையா சொல்வது என்று அவளுக்குத் தோன்றியது. நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"கப்பல் ஏறிட்டான் சார்," என்று ஆரம்பித்தாள். "ஏறுனதோட விட்டானா..."

இன்னொரு அழைப்பு காதில் பீப் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை. கேப்டன் அப்போதுதான் முதல் புயலுக்குள் நுழைந்திருந்தான்.